பேட்டரி உடைக்கும் பட்டறை, ஓயாத வயிற்றுவலி: ஈயம் காரணமாக இருக்குமா?

கோவூரான் | 4 மார்ச் 2023, இரவு 10.12

என் அக்காவின் கணவருக்கு வயது 41. சென்னைக்கு வடக்கே ஒரு தொழிற்பேட்டையில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் இடத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவர். முதல் நான்கு ஆண்டுகள் பேட்டரியை வெட்டித் தகடு பிரிக்கிற வேலை, பிறகு உலைப் பக்கம்.

ஒன்றரை ஆண்டாக வயிற்றுவலி. வந்தால் சுருண்டு படுத்துவிடுகிறார். மூன்று நான்கு நாட்களுக்கு மலம் கழிவதில்லை. முதலில் வாயு என்றார்கள், பிறகு அல்சர் என்றார்கள். போன ஆடி மாதம் குடல்வால் என்று சொல்லி அறுவை சிகிச்சையே செய்துவிட்டார்கள். எடுத்துப் பார்த்ததில் அதில் பெரிதாக ஒன்றும் இல்லையாம். தையல் பிரிப்பதற்குள் வலி திரும்பி வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 8.6. வாரம் இரண்டு முறை கறி சாப்பிடுகிற மனிதருக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். மூன்று மாதம் விழுங்கியும் ஏறவில்லை.

நேற்று அவருடன் வேலை செய்கிற ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். "இது ஈயம்தான். எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கிறது. பட்டறையில் கொடுக்கிற பாலையும் வெல்லத்தையும் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள்" என்று அக்காவிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. இந்தத் துறை தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தெற்குவாசல் டாக்டர் | 5 மார்ச், காலை 6.40

இருக்கிறேன். மதுரையில் பொது மருத்துவம் பார்க்கிறவன். நேரில் பார்க்காமல் நோயைப் பெயர் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை என் மாணவர்களிடம் கேள்வியாகக் கொடுத்தால், "பேட்டரி" என்ற சொல்லைப் பார்த்தவுடனேயே பதில் எழுதிவிடுவார்கள். கடுமையான வயிற்றுவலி, மலச்சிக்கல், காரணம் புரியாத இரத்தசோகை, ஈய வேலை. இந்த நான்கும் சேர்ந்தால் ஈய நஞ்சு இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மருத்துவருடையது. குடல்வால் என்று நினைத்து வயிற்றைத் திறந்த கதை இவருக்கு மட்டும் நடந்ததில்லை, மருத்துவ நூல்கள் பல காலமாக எச்சரித்து வருகிற தவறுதான். அங்கே யாராவது ஒருவர் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் போதும்.

இரும்பு மாத்திரைக்கு ஏன் ஏறவில்லை என்பதற்கு வருகிறேன். உடலில் இரும்பு இருந்தாலும் அதைக் கோத்து ஹீமோகுளோபினாக ஆக்க நொதிகள் வேண்டும். ஈயம் அந்த நொதிகளில் இரண்டு இடத்தில் கை வைக்கிறது. சரக்கு வந்து இறங்கியும் கொத்தனார் வராத வீடு போல. இரத்தத்தைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தெரியலாம்.

மூன்று கேள்விகள். இரத்த அழுத்தம் எவ்வளவு? கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு தொங்குகிறதா, சோற்றுத் தட்டைத் தூக்கச் சிரமப்படுகிறாரா? ஈறு ஓரத்தில் கரும்நீலக் கோடு இருக்கிறதா? கடைசியாகச் சொன்னதை 1840-இல் ஹென்றி பர்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. பல் சுத்தமாக இருப்பவர்களுக்கு அது தெரியாமலும் போகும், ஆகவே கோடு இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். இரத்த ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள், கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின்.

கோவூரான் | 5 மார்ச், காலை 8.05

நன்றி டாக்டர். அழுத்தம் 150/96. மாத்திரை எதுவும் போடவில்லை, "டென்ஷன்" என்று விட்டுவிட்டார்கள். மணிக்கட்டு தொங்கவில்லை. ஆனால் ஸ்குரூ முடுக்கும்போது வலது கை சீக்கிரம் ஓய்ந்துபோகிறது என்கிறார். ஈறு பார்த்தேன். வெற்றிலை போடுகிறவர், எல்லாமே கருப்பாகத்தான் இருக்கிறது.

ஆய்வகம் கலா | 5 மார்ச், காலை 9.31

தம்பி, பரிசோதனைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஆய்வகத்தில் இருபது ஆண்டாக வேலை செய்கிறேன். இந்த ஒரு பரிசோதனையில் ஆளைவிட ஊசிக் குத்து அதிகம் பொய் சொல்லும்.

ஈயத்தில் ஏறக்குறைய 99 சதவீதம் சிவப்பணுக்களுக்குள் இருக்கும். ஆகவே முழு இரத்தம்தான் வேண்டும். அணுக்களை நீக்கிய தெளிநீரான சீரத்தைப் பிரித்து அனுப்பினால் ஒன்றும் தெரியாது. அப்படி அனுப்பி "எல்லாம் இயல்பு" என்று வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உலோகக் கலப்பில்லாத தனிக் குழாய் கேளுங்கள். முக்கியமாக, அவரை வேலை முடிந்து நேராக அழைத்து வராதீர்கள். தலைக்குக் குளித்து, நகம் வெட்டி, துவைத்த சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். குத்தும் இடத்தைச் சோப்பால் கழுவிய பிறகே ஸ்பிரிட் தடவ வேண்டும். தோலில் இருக்கிற தூசி ஒரு துளி குழாய்க்குள் போனால் கணக்கே மாறிவிடும்.

சில ஆய்வகங்கள் இரத்தத்தை எடுத்து வேறு நகரத்துக்கு அனுப்பும், முடிவு வர நான்கைந்து நாள் ஆகும். பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஈய நஞ்சுக்கென்றே தேசிய அளவில் ஒரு பரிந்துரை மையம் ஏற்படுத்தப்பட்டது. உங்கள் மருத்துவருக்குச் சந்தேகம் இருந்தால் அங்கே ஆலோசனை கேட்கச் சொல்லலாம்.

அச்சுக்கூடத்தான் | 5 மார்ச், பகல் 1.20

எனக்கு 73 வயது. சிவகாசியில் அச்சுக்கோப்பாளனாக 22 ஆண்டுகள் நின்றவன். எங்கள் எழுத்துகள் ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்து வார்த்தவை. கோக்கிற கையாலேயே முறுக்கு தின்போம், பீடி பற்றவைப்போம். தேய்ந்த எழுத்தை உருக்குகிற நாளில் அந்த அறைக்குள் இனிப்பு வாடை போல ஒன்று நாக்கில் ஒட்டும். முதலாளி நல்லவர். தினமும் ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் பாலும் கொடுப்பார். அது ஈயத்தை அடித்துக்கொண்டு போய்விடும் என்று நாங்களும் நம்பினோம், அவரும் நம்பினார்.

உருக்குகிற ஆள் ஒருவர்தான் எங்களில் சீக்கிரம் தளர்ந்தார். அவரும் அதே பாலைத்தான் குடித்தார். இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

ஷிஃப்ட் இன்சார்ஜ் | 5 மார்ச், மாலை 5.48

எல்லோரும் முதலாளிகளை வில்லனாக்குவதற்கு முன் ஒரு வார்த்தை. நான் பேட்டரித் தகடு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பெயர் வேண்டாம். எங்களிடம் முறையான கணக்கு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் இரத்தம் எடுப்போம். ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் தாண்டினால் ஒரு மாதம் தோட்ட வேலைக்கோ கிடங்குக்கோ மாற்றுவோம். திரும்பி வரும்போது 35, 38 என்று இறங்கியிருக்கும். பாலும் வெல்லமும் கூடுதல் பாதுகாப்பு. இந்த வேலை இல்லையென்றால் நாட்டில் ஒரு லாரி ஓடாது, ஒரு இன்வெர்ட்டர் எரியாது. உலகில் எடுக்கப்படுகிற ஈயத்தில் பெரும்பகுதி பேட்டரிக்குத்தான் போகிறது. கேள்வி கேட்பவர்கள் தங்கள் வீட்டு இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டுக் கேட்கட்டும்.

சமையற்கட்டு | 5 மார்ச், மாலை 6.02

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பாட்டி காலத்து ஈயச்சொம்பில்தான் ரசம் வைக்கிறோம். தூக்கிப் போட வேண்டுமா?

தெற்குவாசல் டாக்டர் | 5 மார்ச், இரவு 9.15

சமையற்கட்டு அம்மா, நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயம். இந்த இழையில் பேசுவது காரீயம், வேறு உலோகம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் குழைந்து விழுகிறது. காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். ஆபத்து கலப்படத்தில் இருக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், காரீயம் விலை மிகக் குறைவு. புளி ரசம் அதைக் கரைத்து எடுத்துவிடும். நம்பகமான இடத்தில் வாங்கியதா என்பதுதான் கேள்வி. பாட்டி சொம்பானால் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். நம் மொழி இரண்டையும் "ஈயம்" என்று அழைத்துப் பாதிக் குழப்பத்தை உண்டாக்கிவிட்டது, பென்சிலுக்குள் இருக்கிற கிராஃபைட்டைக் கூடக் காரீயம் என்றோம்.

இப்போது ஷிஃப்ட் இன்சார்ஜ் அவர்களுக்கு. நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கிறீர்கள் என்பதே பாராட்டத்தக்கது. கோவூரானின் மாமாவுக்கு ஆறு ஆண்டில் ஒருமுறைகூட யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த 38 என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

இரத்தத்தில் ஈயத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் ஒரு மாதம். ஆளை வெளியே அனுப்பினால் எண் இறங்கத்தான் செய்யும். அதில் ஒரு பகுதி சிறுநீரில் போகிறது, ஒரு பகுதி எலும்புக்குள் குடியேறுகிறது. உடல் ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் அடுக்கிவைக்கிறது. வயது வந்தவர் உடலில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் இருக்கும், அங்கே அதன் அரை ஆயுள் பல பத்தாண்டுகள். நீங்கள் தோட்டத்துக்கு அனுப்பித் திரும்ப உலைக்குக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எலும்புக் கணக்கில் ஒரு தவணை ஏறுகிறது. ஐம்பது வயதில், எலும்பு தேயும் காலத்தில், அது வட்டியோடு இரத்தத்துக்குத் திரும்பும். பெண் தொழிலாளியானால் கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் திரும்பும்.

50 என்ற எண்ணும் பழையது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி 1978-இல் எழுதப்பட்டபோது வைத்த கணக்கு அது: சராசரி 50 என்றால் வேலையிலிருந்து விலக்கு, 40-க்குக் கீழே வந்தால் திரும்ப எடு. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் 10-க்குக் கீழேயே இரத்த அழுத்தம் ஏறுவதையும் சிறுநீரகம் தளர்வதையும் காட்டியிருக்கின்றன. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலை. விந்தணு எண்ணிக்கை குறைவதைப் பற்றிக் கூச்சத்தால் யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: அதுவும் உண்டு.

பால்: வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் உறிஞ்சப்படும், கால்சியமும் இரும்பும் குறைந்த உடல் அதை இன்னும் ஆசையாக வாங்கிக்கொள்ளும். அந்த அளவுக்கு நல்ல சாப்பாடு உதவும், பாலும் அதில் சேரும். ஆனால் பால் இறங்குவது வயிற்றில். உலைப் புகை ஏறுவது நுரையீரலில். விழுங்கிய ஈயத்தில் வயது வந்தவர் பத்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சுவார். நுரையீரலின் அடியாழத்துக்குப் போன நுண்துகள் ஏறக்குறைய முழுவதுமே இரத்தத்தில் சேரும். அச்சுக்கூடத்து ஐயா சொன்ன உருக்குகிற ஆளின் கதை இதுதான்.

அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் 1910-இல் இலினாய் மாநிலத்து ஈயத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தபோதும் மேலாளர்கள் இதையேதான் சொன்னார்கள்: தொழிலாளி கை கழுவாமல் சாப்பிடுகிறான், அதனால் வருகிறது என்று. அவர் காற்றைப் பாருங்கள் என்றார். நூறு ஆண்டு கடந்தும் நாம் தொழிலாளியின் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஷிஃப்ட் இன்சார்ஜ் | 6 மார்ச், காலை 7.10

டாக்டர், எலும்புக் கணக்கு எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உண்மையாகவே. ஆனால் முகக்கவசம் கொடுக்கிறோம், அவர்கள்தான் கழற்றிவிடுகிறார்கள்.

உலைமுகம் | 6 மார்ச், பகல் 2.37

நான் உலையில் நின்றவன், எட்டு ஆண்டு. ஏன் கழற்றுகிறோம் என்று சொல்கிறேன். எங்களுக்குக் கொடுத்தது துணிக்கவசம். வாரத்துக்கு ஒன்று. கசடு வாருகிற நேரத்தில் முகத்துக்கு நேரே வெப்பம் அடிக்கும், கவசம் நனைந்து மூக்கில் ஒட்டிக்கொள்ளும். மூச்சு விட வேண்டுமா, கவசம் போட வேண்டுமா என்றால் எதைச் செய்வீர்கள்? அதைப் போட்டிருந்தாலும் சிந்தினால் சளி கருப்பாகத்தான் வந்தது.

சாயங்காலம் தரையை விளக்குமாற்றால் பெருக்குவோம். பிறகு கம்ப்ரசர் காற்றால் சட்டையைத் தட்டிக்கொண்டு பேருந்து பிடிப்போம். அந்தக் காற்றால்தான் நாள் முழுவதும் தரையில் படிந்ததெல்லாம் எழும்பி எங்கள் மூக்குக்குள் போனது என்று வேலையை விட்ட பிறகுதான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் புகை இழுக்கிற மின்விசிறி ஓடும். மற்ற நாளில் கரண்ட் செலவு.

ஆய்வகம் கலா | 6 மார்ச், பகல் 3.15

உலைமுகம் அண்ணா சொன்னதில் இரண்டு விஷயம் தங்கம். உலர்ந்த விளக்குமாறும் கம்ப்ரசர் காற்றும் ஈயப் பட்டறையில் இருக்கவே கூடாது. தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் நுண்வடிகட்டி பொருத்திய தூசி உறிஞ்சி வேண்டும். புகைத்துகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியது, துணி அதற்குக் கொசுவலை.

கோவூரான் தம்பி, மாமா வேலைச் சட்டையை எங்கே துவைக்கிறார்கள்? வீட்டில் குழந்தை உண்டா?

கோவூரான் | 6 மார்ச், மாலை 7.44

அக்காதான் துவைக்கிறாள், எல்லோர் துணியோடும் சேர்த்து. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. அப்பா பைக் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள்.

தெற்குவாசல் டாக்டர் | 6 மார்ச், இரவு 8.20

குழந்தைக்கும் நாளையே பாருங்கள். விழுங்கிய ஈயத்தில் பாதி வரை குழந்தை உடல் உறிஞ்சிக்கொள்ளும், அது போய்ச் சேருவது வளர்கிற மூளையில். செனகல் நாட்டில் டாக்கார் அருகே தியாரோய் என்ற இடத்தில் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரித்ததில் 2007-08-இல் 18 குழந்தைகள் இறந்தார்கள். அது மண்ணே ஈயமாகிப்போன கதை, உங்கள் வீடு அப்படி இருக்காது. பயமுறுத்த எழுதவில்லை, தள்ளிப்போடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மாமா இனி வாசலிலேயே துணி மாற்றிக் குளித்த பிறகு குழந்தையைத் தொடட்டும். வேலைத்துணி தனி வாளி, தனித் துவையல். பைக் இருக்கை, செருப்பு, டிபன் பை மூன்றையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

சங்கப் பலகை | 7 மார்ச், காலை 10.02

தொழிற்சங்கத்தில் இருக்கிறேன். வைத்தியத்தோடு காகிதமும் ஓடட்டும்.

ஈய நஞ்சு சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். மேலாளர் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். நடைமுறையில் பல மருத்துவர்களுக்கு இந்த விதி இருப்பதே தெரியாது. டாக்டர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மாமாவுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். இருந்தால் தொழில்நோயாகப் பதிவு செய்து, வேலை செய்ய முடியாத காலத்துக்குத் தற்காலிக ஊனப் பலன் கேட்கலாம். சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் வரும். இ.எஸ்.ஐ. இல்லையென்றால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் நோய் வேலையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். "அவர் ஒப்பந்தக்காரர் ஆள், எங்களுக்குத் தெரியாது" என்று பட்டறை சொன்னால் கலங்க வேண்டாம், முதன்மை முதலாளி பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. அடையாள அட்டை, வருகைச் சீட்டு, வங்கியில் பணம் வந்த பக்கம், அறுவை சிகிச்சைக் காகிதங்கள் எதையும் தொலைக்காதீர்கள். முக்கியம்: முடிவு வந்ததும் யாராவது வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்பார்கள். போடக் கூடாது.

கோவூரான் | 15 மார்ச், இரவு 9.50

முடிவு வந்துவிட்டது. மாமாவுக்கு 74 மைக்ரோகிராம், ஒரு டெசிலிட்டருக்கு. குழந்தைக்கு 13. அக்காவுக்கு 9.

அரசு மருத்துவமனையில் காட்டினோம். பயிற்சி மருத்துவர் ஒருவர் இரத்தத்தைத் தானே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, நீலப் புள்ளிகளை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மாமாவை உள்ளே சேர்த்திருக்கிறார்கள்.

நேற்று மேஸ்திரி போன் செய்தார். "ஊசி போட்டு இறக்கிவிடலாம் என்கிறார்கள், இறங்கினதும் ஒன்றாம் தேதி வந்துவிடு, இல்லையென்றால் கணக்கு முடித்துவிடுவார்கள்" என்றார். மாமா என்னைப் பார்க்கிறார். வீட்டு வாடகை, சீட்டு, குழந்தைக்குப் பள்ளி. "ஊசி போட்டுக்கொண்டே வேலை செய்ய முடியாதா?" என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னார்.

தெற்குவாசல் டாக்டர் | 15 மார்ச், இரவு 10.25

முடியாது. இதை அவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அந்த மருந்து ஈயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியாக வெளியேற்றும். ஒரு பக்கம் ஈயம் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது அதைக் கொடுப்பது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது. மருந்துக்கென்று பக்கவிளைவுகளும் உண்டு, சிறுநீரகத்தைக் கண்காணித்தபடிதான் கொடுப்பார்கள். வேலையைத் தொடர்வதற்காக இந்த மருந்து கொடுப்பதை நான் மேலே சொன்ன அந்த 1978 விதியே தடை செய்கிறது. முதல் சுற்றில் எண் சட்டென்று இறங்கி, பிறகு எலும்பிலிருந்து கொஞ்சம் ஏறும். அப்போது மருந்து பலிக்கவில்லை என்று பயப்பட வேண்டாம்.

குழந்தையின் 13-க்கு மருந்து தேவையில்லை. அதைப் பொதுவாக 45 தாண்டினால்தான் யோசிப்பார்கள். ஆனால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்குக் கவனிக்க வேண்டிய அளவு என்று இப்போது வைத்திருப்பது 3.5. தூசி வருவது நின்றால் இறங்கும். இரும்பு, கால்சியம் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் திரும்பச் சோதியுங்கள்.

சங்கப் பலகை | 16 மார்ச், காலை 7.30

மேஸ்திரி போனில் பேசினால் "எழுத்தில் அனுப்புங்கள் அண்ணா" என்று மட்டும் சொல்லுங்கள், சண்டை வேண்டாம். மருத்துவமனையில் நோயின் பெயரை "ஈய நஞ்சு, தொழில் சார்ந்தது" என்று வெளியேறும் சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். "வயிற்றுவலி" என்று மட்டும் எழுதினால் அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. உங்கள் மாவட்டத்தில் எங்கள் தோழர் ஒருவர் இருக்கிறார், தனிமடலில் எண் அனுப்பியிருக்கிறேன்.

ஷிஃப்ட் இன்சார்ஜ் | 16 மார்ச், பகல் 12.18

எங்கள் இடத்தில் கம்ப்ரசர் குழாயை வெட்டிவிட்டேன். முதலாளிக்குத் தெரியாது. தகடு அடுக்கும் மேசைக்கு மேல் உறிஞ்சுகுழல் வைக்க விலை கேட்டிருக்கிறேன். சென்ற வாரம் என் இரத்தத்தையும் கொடுத்தேன். நான் அலுவலக அறையில் உட்காருகிறவன். 31.

மல்லிகா.ச | 16 மார்ச், மாலை 4.05

இந்த இழையை என் தம்பி அனுப்பினான். என் வீட்டுக்காரரும் பேட்டரியில் தகடு பிரிக்கிறார், ஒன்பது ஆண்டு. வயிற்றுவலி இல்லை, ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், ராத்திரி கால் குடைகிறது என்கிறார். குடித்துவிட்டு வருகிறாரோ என்று சண்டை போட்டிருக்கிறேன். கலா அக்கா, அந்தக் குழாய் எந்த நிற மூடி என்று சொன்னால் நாளைக்கே கேட்டு வாங்குவேன்.

ஆய்வகம் கலா | 16 மார்ச், மாலை 4.21

கரும்நீல மூடி. காலையில் தலைக்குக் குளிக்கவைத்து, நகம் வெட்டி அழைத்துப் போங்கள்.